மலிவான அகச்சிவப்பு உணரிகளுக்குப் புதிய குறைக்கடத்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைக்கடத்தி இயற்பியலின் அடிப்படை தெரிந்து, அகச்சிவப்புப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கான பக்கம் இது. கேள்விகள் வரிசையாக இருந்தாலும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஏற்கெனவே படலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் 5ஆம் கேள்விக்கே போய்விடலாம்.

1. கைப்பேசி கேமரா இத்தனை மலிவு. அகச்சிவப்பு கேமரா மட்டும் ஏன் இவ்வளவு விலை?

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலெக்ட்ரான் வோல்ட். 1.24ஐ இந்த எண்ணால் வகுத்தால் அந்தப் பொருள் உறிஞ்சக்கூடிய மிக நீண்ட அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். சிலிக்கானுக்கு அது சுமார் 1.1. அதைத் தாண்டிய ஒளிக்குச் சிலிக்கான் வெறும் கண்ணாடிதான், ஊடுருவிப் போய்விடும். ஆகவே ஒளியை உறிஞ்ச இன்னொரு பொருள் வேண்டும். உண்டான மின்னூட்டத்தை எண்ணிப் படமாக்கும் ரீட்அவுட் சிப்போ சிலிக்கானில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்கும் இடத்தில்தான் பணம் போகிறது.

உறிஞ்சும் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதிலுள்ள இண்டியமோ டெல்லூரியமோ விலையில் மிகச் சிறிய பங்கு. செலவு நான்கு இடங்களில் இருக்கிறது. முதலாவது, படிகத்தை வளர்க்கத் தேவைப்படும் அடி வேஃபர்: சிலிக்கான் 300 மில்லிமீட்டர் விட்டத்தில் கிடைக்கிறது, பாதரச காட்மியம் டெல்லுரைடுக்கு வேண்டிய காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உள்ளங்கை அளவைத் தாண்டினாலே பெரிய விஷயம். இரண்டாவது, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு இண்டியம் குமிழ் வைத்து, இரண்டு சிப்புகளை நேருக்கு நேர் அழுத்தி இணைக்கும் வேலை. இதைப் பெரும்பாலும் சிப் சிப்பாகத்தான் செய்கிறார்கள், முழு வேஃபராக அல்ல. மூன்றாவது குளிரூட்டல். நான்காவது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குளிர்வித்துச் சோதிக்கும் நேரம்.

ஒரு புதிய பொருள் இந்த நான்கில் ஒன்றையாவது முழுசாக ஒழிக்க வேண்டும். ‘மூலப்பொருள் மலிவு’ என்று மட்டும் தொடங்கும் திட்ட முன்மொழிவைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

2. எந்த அலைநீளத்துக்கு இன்று எது பயன்படுகிறது?

1 முதல் 1.7 மைக்ரான் வரை இண்டியம் காலியம் ஆர்சனைடு. இண்டியம் 53 விழுக்காடு இருந்தால் இண்டியம் பாஸ்பைடு வேஃபரின் அணு இடைவெளியோடு கச்சிதமாகப் பொருந்தும். அந்தக் கலவையின் எல்லை 1.7. இண்டியத்தைக் கூட்டி 2.5 வரை நீட்டலாம், ஆனால் பொருத்தம் கெட்டு இருள் மின்னோட்டம் ஏறிவிடும். ஒளியே விழாதபோதும் டையோடில் கசியும் மின்னோட்டம்தான் இருள் மின்னோட்டம். இந்தத் துறையின் நிரந்தர எதிரி அது.

3 முதல் 5 மைக்ரான் வரை இண்டியம் ஆன்டிமனைடு. இது 77 கெல்வினில் சுமார் 5.5 மைக்ரான் வரை பார்க்கும். ஈய சல்பைடும் ஈய செலினைடும் பழைய பொருட்கள்தான், ஆனால் ஒற்றை உணரிகளாக வாயு அளவிகளிலும் தீச்சுடர் உணரிகளிலும் இன்றும் ஓடுகின்றன. 8 முதல் 12 மைக்ரான் வரை பாதரச காட்மியம் டெல்லுரைடு. இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ரேடார் ஆய்வு நிலையத்தில் லாசனும் கூட்டாளிகளும் 1959இல் வெளியிட்ட கலவை இது. காட்மியத்தின் பங்கை மாற்றினால் இடைவெளி மாறும். 77 கெல்வினில் 0.3 என்றால் சுமார் 5 மைக்ரான், 0.22 என்றால் சுமார் 10 மைக்ரான். அந்த நெகிழ்வுத்தன்மையே அதன் தலைவலியும்கூட. நீண்ட அலை முனையில் கலவை வேஃபரின் குறுக்கே கொஞ்சம் நகர்ந்தாலும் பிக்சலுக்குப் பிக்சல் எல்லை அலைநீளம் மாறிவிடும்.

3. மைக்ரோபோலோமீட்டர் ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு?

மனித உடல், கட்டடச் சுவர், சூடேறிய மோட்டார் இவற்றைப் பார்க்க மட்டும் என்றால் உண்மையில் தேவையில்லை. 300 கெல்வினில் உள்ள பொருளின் கதிர்வீச்சு 9.7 மைக்ரான் அருகே உச்சம் தொடும். வனேடியம் ஆக்சைடு போலோமீட்டர் அதைக் குளிரூட்டல் இல்லாமலே பார்க்கும். ஆனால் அது ஃபோட்டானை எண்ணுவதில்லை. சூடேறி மின்தடை மாறுவதை அளக்கிறது. அந்த மாற்றம் கெல்வினுக்கு 2 விழுக்காடு அளவில் இருக்கும், சூடேறி ஆறச் சுமார் 10 மில்லிவினாடி ஆகும். வேகமான நிகழ்வு, 3.3 மைக்ரானில் மீத்தேன், 4.26 மைக்ரானில் கரியமில வாயு, 1.5 மைக்ரானில் லேசர் தூரமானி என்று வந்தால் ஃபோட்டான் உணரி வேண்டும். புதிய பொருட்களுக்கான தேவை அங்கேதான்.

4. இன்று நம்பிக்கை தரும் புதிய பொருட்கள் எவை?

மூன்று பாதைகள்: கரைசலில் செய்யும் குவாண்டம் புள்ளிகள் (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகங்கள்), சிலிக்கான் மேலேயே வளரும் ஜெர்மானியம்-வெள்ளீயக் கலவை, ஆன்டிமனைடு அடுக்குகள். முதல் பாதை வேஃபரையும் குமிழையும் ஒரே அடியில் ஒழிக்கிறது. இரண்டாவது வேஃபரை ஒழிக்கிறது. மூன்றாவது குளிரூட்டலைக் குறைக்கிறது. கருப்புப் பாஸ்பரஸ் போன்ற மெல்லடுக்குப் பொருட்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பல அடுக்காக இருக்கும்போது அதன் இடைவெளி சுமார் 0.3 எலெக்ட்ரான் வோல்ட், 4 மைக்ரான் வரை அழகாக வேலை செய்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அரித்துப்போகிறது. துகளாக உரித்து ஒட்டும் முறையில் 3 லட்சம் பிக்சல் செய்ய முடியாது. பெராவ்ஸ்கைட் 1 மைக்ரானைத் தாண்டுவதே கடினம், அதனால் இந்தப் பட்டியலில் இல்லை.

5. ஈய சல்பைடு குவாண்டம் புள்ளிகளை எப்படிச் செய்வது?

பரவலாகப் பின்பற்றப்படும் சூடான உட்செலுத்தல் முறை 2003இல் ஹைன்ஸும் ஸ்கோல்ஸும் வெளியிட்டது. தொடக்க அளவுகள் இப்படி: ஈய மோனாக்சைடு 0.45 கிராம், ஒலியிக் அமிலம் 1.5 மில்லிலிட்டர், ஆக்டாடெசீன் 18 மில்லிலிட்டர். மூன்று கழுத்துக் குடுவையில் வெற்றிடத்தில் 100 முதல் 110 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு மணி நேரம் கலக்கவும். மஞ்சள் தூள் முழுக்கக் கரைந்து கரைசல் தெளிய வேண்டும். தெளிந்த பிறகும் குமிழ் வருகிறதென்றால் தண்ணீர் இன்னும் போகவில்லை என்று பொருள். இங்கே அவசரப்பட்டால் பிறகு எதைத் திருத்தியும் பயனில்லை; ஒரே குடுவையில் பல அளவில் புள்ளிகள் வரும்.

பிறகு நைட்ரஜனுக்கு மாறி 120 டிகிரிக்கு ஏற்றவும். பிஸ்(ட்ரைமெத்தில்சிலில்) சல்பைடு 0.21 மில்லிலிட்டரை 10 மில்லிலிட்டர் உலர்ந்த ஆக்டாடெசீனில் கலந்து, ஒரே மூச்சில் ஊசியால் செலுத்த வேண்டும். நிறம் சில வினாடிகளில் பழுப்பாகிக் கருக்கும். சூடேற்றியை அணைத்துத் தானாக ஆற விடவும். அசிட்டோன் ஊற்றி மையவிலக்கியில் படியவைத்து, டொலுயீனில் கரைத்து, இன்னொரு முறை படியவைக்கவும். மூன்று நான்கு தடவை கழுவினால் மேற்பரப்பைக் காக்கும் ஒலியேட்டே கழன்று புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். சுத்தமாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு முறை கழுவி முழுத் தொகுதியையும் கெடுத்துக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும்.

அளவுதான் அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது. 3.2 நானோமீட்டர் புள்ளி 1 மைக்ரான் அருகே உறிஞ்சும். 5 நானோமீட்டர் சுமார் 1.4இல், 6 நானோமீட்டர் 1.55 அருகே. ஒலியிக் அமிலத்தைக் கூட்டினாலும் வெப்பத்தை ஏற்றினாலும் புள்ளி பெரிதாகும். உறிஞ்சல் வரைபடத்தில் முதல் உச்சிக்கும் அதற்கு முந்தைய பள்ளத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துவையுங்கள். விகிதம் குறைந்தால் அளவுகள் சிதறியிருக்கின்றன.

அந்தச் சல்பைடு திரவம் ஈரக்காற்றில் ஹைட்ரஜன் சல்பைடை விடும். அதனால் ஊசியையும் குப்பியையும் ப்ளீச் கரைசலில் முக்காமல் வெளியே எடுக்கக் கூடாது. நாற்றம் வருகிறது என்றால் ஏற்கெனவே தவறு நடந்துவிட்டது.

6. படலம் போடும்போது ஏன் விரிசல் விழுகிறது?

குடுவையிலிருந்து வந்த புள்ளிகளைச் சுற்றி 18 கார்பன் நீள ஒலியேட் சங்கிலிகள் இருக்கும். அவை மின்காப்பு. அவற்றை எடுத்துவிட்டுக் குட்டி லிகண்டை (புள்ளியின் மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறு) வைத்தால்தான் மின்னூட்டம் புள்ளிக்குப் புள்ளி தாவும். மாற்றும்போது புள்ளிகள் நெருங்கி வருவதால் படலம் சுருங்குகிறது, சுருக்கத்தைத் தாங்க முடியாமல் விரிசல் விடுகிறது. இதனால்தான் அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். ஆக்டேனில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைசல், ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 2500 சுற்று. ஓர் அடுக்கு 20 முதல் 30 நானோமீட்டர் வரும். அதன் மேல் மெத்தனாலில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் டெட்ராபியூட்டைல் அமோனியம் அயோடைடை ஊற்றி 30 வினாடி விட்டு, சுழற்றி, மெத்தனாலால் இரண்டு முறை கழுவவும். அடுத்த அடுக்கு விழும்போது முன் அடுக்கின் விரிசல்கள் நிரம்பும். மேல் இரண்டு அடுக்குக்கு அசிட்டோநைட்ரைலில் 0.02 விழுக்காடு எத்தேன்டைதயாலைப் பயன்படுத்தினால் அது துளைகளைச் சேகரிக்கும் அடுக்காகிவிடும். அடியில் துத்தநாக ஆக்சைடு எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்.

படலத்தைச் சாய்வாகப் பிடித்து விளக்கொளியில் பாருங்கள். ஒரே நிறம் என்றால் நல்லது. மையத்திலிருந்து வால்நட்சத்திரம் போல் கோடுகள் ஓடினால் கரைசலில் கட்டிகள் இருக்கின்றன, 0.2 மைக்ரான் வடிகட்டி போடவும். மங்கலாக, பால் ஊற்றியது போல் இருந்தால் லிகண்ட் மாற்றும்போது ஈரம் புகுந்திருக்கிறது.

1.4 மைக்ரானுக்கு மேல் போனால் புதிய சிக்கல் ஒன்று முளைக்கிறது. சிறிய புள்ளிகளின் பக்கங்கள் ஈயம் மிகுந்தவை, அயோடைடு நன்றாக ஒட்டும். புள்ளி 4 நானோமீட்டரைத் தாண்டியதும் ஈயமும் கந்தகமும் சமமாக உள்ள பக்கங்கள் தலைகாட்டும். அவற்றில் அயோடைடு ஒட்டாது. அங்கே புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும், இல்லையென்றால் ஆக்சிஜன் ஏறும். 950 நானோமீட்டரில் வெற்றி தந்த செய்முறை 1550இல் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

7. ஈயம், பாதரசம் இரண்டுக்கும் கட்டுப்பாடு இருக்கிறதே?

இருக்கிறது. மின்னணுச் சாதனங்களில் ஆபத்தான பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதியின்படி ஒரே சீரான பொருளுக்குள் ஈயம், பாதரசம் ஒவ்வொன்றும் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு. ‘ஒரே சீரான பொருள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுக் கேமராவின் எடையைக் கொண்டு கணக்குப் போட முடியாது, குவாண்டம் புள்ளிப் படலமே ஒரு பொருளாக எண்ணப்படும். பாதரச டெல்லுரைடு புள்ளிகள் 5 மைக்ரானையும் தாண்டிப் போகும், அதனால் ஆய்வுக்கு மிகப் பயனுள்ளவை. நுகர்வோர் பொருளுக்குள் நுழைவது வேறு கதை.

மாற்றாக இண்டியம் ஆர்சனைடு, வெள்ளி டெல்லுரைடு புள்ளிகள் வருகின்றன. இண்டியம் ஆர்சனைடில் வேதிப்பிணைப்பு கடினமானது; படிகமாக அதிக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தில் அளவு சிதறும். வழக்கமான ஆர்சனிக் மூலங்கள் காற்றில் தீப்பிடிப்பவை, கொடிய நச்சும்கூட. ட்ரிஸ்(டைமெத்தில்அமினோ)ஆர்சின் சற்று அடக்கமானது, அதனால் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். அது தானாக வினைபுரியாது, ஒரு ஒடுக்கி சேர்க்க வேண்டும். ஈயம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

8. ஜெர்மானியத்தில் வெள்ளீயம் கலந்தால் என்ன கிடைக்கும்?

ஜெர்மானியத்தின் இடைவெளி 0.66 எலெக்ட்ரான் வோல்ட், ஆனால் மறைமுக வகை, 1.55 மைக்ரானுக்கு மேல் உறிஞ்சல் வேகமாகச் சரியும். இறுக்கமற்ற படலத்தில் வெள்ளீயம் 8 விழுக்காட்டைத் தாண்டும்போது இடைவெளி நேரடி வகையாக மாறுகிறது, எல்லை 2 மைக்ரானைத் தாண்டுகிறது. யூலிஷ் ஆய்வு மையமும் கூட்டாளிகளும் 2015இல் 12.6 விழுக்காடு வெள்ளீயம் கொண்ட கலவையிலிருந்து லேசர் ஒளியையே எடுத்துக்காட்டினார்கள். சிலிக்கான் தொழிற்சாலைக்குள் அனுமதி கிடைக்கும் தனிமங்கள் என்பதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனம் இரண்டு. சமநிலையில் ஜெர்மானியம் 1 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளீயத்தை ஏற்காது. எனவே 350 டிகிரிக்குக் கீழே, வெளியேற நேரம் கொடுக்காமல் வளர்க்க வேண்டும். பிறகு தொடுமுனை போடும்போது யாராவது வழக்கப்படி 450 டிகிரியில் சூடேற்றினால், நுண்ணோக்கியில் மேற்பரப்பெங்கும் வெள்ளீயத் துளிகள் வியர்வை போல் நிற்கும். அந்த வேஃபர் போனது போனதுதான். இரண்டாவது, ஜெர்மானியத்தின் அணு இடைவெளி சிலிக்கானைவிட 4.2 விழுக்காடு அதிகம். வெள்ளீயம் சேரச் சேர இன்னும் விலகும். பொருந்தாத இடத்தில் டிஸ்லொகேஷன்கள், அதாவது படிக வரிசை முறிந்த கோடுகள், உண்டாகின்றன. இருள் மின்னோட்டம் அவற்றின் வழியே கசியும்.

9. ஆன்டிமனைடு அடுக்குகள் ‘புதியவை’ என்று சொல்லலாமா?

கருத்து பழையது. இண்டியம் ஆர்சனைடு, காலியம் ஆன்டிமனைடு மெல்லடுக்குகளை மாற்றி மாற்றி வைத்து நீண்ட அலையைப் பிடிக்கலாம் என்று ஸ்மித்தும் மெய்லியோட்டும் 1987இல் முன்வைத்தார்கள். விலைக் கணக்கை மாற்றியது 2006இல் மைமனும் விக்ஸும் வெளியிட்ட என்பிஎன் (nBn) அமைப்பு; டிரான்சிஸ்டரின் npn அல்ல. நடுவில் எலெக்ட்ரானுக்கு மட்டும் சுவர், துளைகளுக்குத் திறந்த வழி. உறிஞ்சும் அடுக்கில் இயக்கமில்லாப் பகுதி இருக்காது, அதனால் குறைகளின் வழியே உண்டாகும் இருள் மின்னோட்டம் அடங்கிவிடுகிறது. இண்டியம் ஆர்சனைடு ஆன்டிமனைடு என்பிஎன் உணரிகள் 77க்குப் பதில் 150 கெல்வினிலேயே வேலை செய்யும். அந்த வெப்பநிலை வித்தியாசம் சிறிய, நீண்டகாலம் உழைக்கும் குளிரூட்டியைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் காலியம் ஆன்டிமனைடு வேஃபர் இன்னும் சிறியது, விலையும் அதிகம். காலியம் ஏற்றுமதிக்கு சீனா ஆகஸ்ட் 2023 முதல் உரிமம் கேட்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. இருள் மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெப்பநிலையை மாற்றி அளந்து பாருங்கள். 5 மைக்ரான் உணரியை எடுத்துக்கொள்வோம், இடைவெளி 0.25 எலெக்ட்ரான் வோல்ட். மின்னோட்டம் பொருளின் இயல்பான விரவலால் வருகிறது என்றால் முழு இடைவெளிக்கு ஏற்ப விழும்: 300இலிருந்து 200 கெல்வினுக்கு இறக்கினால் அடுக்குக்குறிக் காரணி மட்டும் சுமார் 125 மடங்கு. குறைகளின் வழியே வருகிறது என்றால் பாதி இடைவெளிக்கு ஏற்ப, சுமார் 11 மடங்குதான். வெப்பநிலையை மாற்றியும் மின்னோட்டம் மாறாமல் கிடந்தால் மேற்பரப்பிலோ விளிம்பிலோ கசிவு. நான்கு அடுக்குத் தெர்மோஎலெக்ட்ரிக் குளிரூட்டி 200 கெல்வினைத் தொடும், ஆகவே இந்தச் சோதனைக்குத் திரவ நைட்ரஜன்கூட வேண்டாம்.

விளிம்புக் கசிவா என்று உறுதிசெய்ய, ஒரே சிப்பில் 50 முதல் 500 மைக்ரான் வரை பல அளவுச் சதுரங்கள் வரையுங்கள். மின்னோட்ட அடர்த்தி சிறிய சதுரத்தில் அதிகமாக இருந்தால் குற்றவாளி விளிம்பு. பொருளை மாற்றத் தேவையில்லை, பூச்சை மாற்றினால் போதும். இந்தச் சதுரங்களை அச்சிடும் முகமூடியை முதல் நாளே வடிவமைக்காதவர்கள் பல மாதம் தவறான இடத்தில் தேடுவார்கள்.

11. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் டி-ஸ்டார் எண்களை நம்பலாமா?

அளந்த இரைச்சலைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் நம்பலாம். டி-ஸ்டார் என்பது பரப்பையும் அலைக்கற்றையையும் கழித்துவிட்ட உணர்திறன். அலகின் பெயர் ஜோன்ஸ். உதாரணம்: 1.4 மைக்ரானில் ஒரு வாட்டுக்கு 0.6 ஆம்பியர் தரும் டையோடு, அதாவது குவாண்டம் திறன் 53 விழுக்காடு. இருள் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர். ஷாட் இரைச்சல் (மின்னூட்டம் துகள் துகளாக வருவதால் உண்டாகும் இரைச்சல்) மட்டும் என்று எடுத்தால் டி-ஸ்டார் 10¹² ஜோன்ஸ், அதாவது லட்சம் கோடி. அதே டையோடில் தாழ் அதிர்வெண் இரைச்சல் பத்து மடங்கு கூடுதலாக இருந்தால் உண்மை 10¹¹தான். குவாண்டம் புள்ளிப் படலங்களில் இப்படி நடப்பது சாதாரணம்.

இன்னொரு ஏமாற்றம் பரப்பு. மின்முனைக்கு வெளியே விழும் ஒளியும் படலத்தின் வழியே சேகரமாகும். கணக்கில் மின்முனைப் பரப்பை மட்டும் போட்டால் திறன் 100ஐத் தாண்டிக் காட்டும். கருப்பு முகமூடியால் ஒளி விழும் இடத்தை வரையறுத்து மறுபடி அளவிடுங்கள்.

12. கணினியில் தேடிப் புதிய பொருளைக் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும், ஒரு பொறியை அறிந்துகொண்டு. வழக்கமான அடர்த்திச் சார்புக் கணிப்பு ஆற்றல் இடைவெளியைக் குறைத்துச் சொல்லும். சிலிக்கானில் அது தெரிந்த பிழை, சமாளிக்கலாம். இண்டியம் ஆன்டிமனைடு போன்ற குறுகிய இடைவெளிப் பொருளை உலோகம் என்றே சொல்லிவிடும். அப்படி வடிகட்டினால் நல்லவை எல்லாம் முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போகும். ஹைப்ரிட் கணிப்பும் சுழல்-சுற்றுப்பாதை இணைப்பும் சேர்க்காத பட்டியலை வைத்து உலை வாங்காதீர்கள்.

13. ஆய்வகத்தில் வேலை செய்த உணரி கேமராவில் ஏன் சாகிறது?

பெரும்பாலும் வெப்பத்தால். ஈயமற்ற பற்றவைப்பில் பலகை 245 முதல் 260 டிகிரி வரை போகும். குவாண்டம் புள்ளிப் படலங்கள் 100 டிகிரி அருகிலேயே தடுமாறத் தொடங்குகின்றன: புள்ளிகள் ஒன்றோடொன்று உருகி இணையும், எல்லை அலைநீளம் நகரும், இருள் மின்னோட்டம் ஏறும். ஆகவே சிப்பை முதலில் பற்றவைத்துப் பிறகு படலம் போடுவதா, அல்லது குளிர்ந்த முறையில் கம்பி இணைத்துச் சாக்கெட்டில் வைப்பதா என்பதைப் பொருளைத் தேர்வுசெய்யும்போதே முடிவுசெய்ய வேண்டும். படலம் காற்றுப் புகாதபடி 50 நானோமீட்டர் அலுமினா பூசுவது நல்ல பழக்கம். ஆனால் அணு அடுக்குப் படிவு இயந்திரத்தை 80 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் ஓட்டுங்கள், ஒவ்வொரு சுழற்சிக்கும் வெளியேற்றும் நேரத்தைக் கூட்டுங்கள். தாழ்ந்த வெப்பத்தில் நீராவி மெதுவாகத்தான் வெளியேறும், மிச்சம் நின்றால் அதுவே படலத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். பூசும் முன்பும் பின்பும் அதே டையோடின் இருள் மின்னோட்டத்தை அளந்து எழுதிவையுங்கள்.